நடுகல்லுக்கு மைப்படி: எந்தத் தாள், எந்த மை, எந்த நேரம்? (வேலூர் – பழைய வட ஆற்காடு)

ஏரிக்கரை எழுதியது:

அணைக்கட்டுப் பக்கம் ஏரிக்கரை ஓரமாக ஒரு நடுகல் நிற்கிறது. மூன்றரை அடிப் பலகைக்கல். வலக்கையில் வாள், இடக்கையில் வில், பின்னால் இரண்டு மாடு. வீரன் தலைக்கு மேலே ஐந்து வரி வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்துவகை). ‘கோவிசைய’ என்று தொடங்குவது விரல் வைத்தாலே தெரிகிறது. அதற்கு அடுத்து அரசன் பெயர் வரும் இடமும், கடைசி வரியில் ‘பட்டான் கல்’லுக்கு (இறந்தவனின் கல்) முந்தின நான்கைந்து எழுத்தும் தேய்ந்திருக்கின்றன.

மைப்படி எடுக்க, அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் பதித்தெடுக்க, கையில் இருப்பது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாள், பாட்டிலில் வரும் கறுப்பு மை, தென்னைநார் பிரஷ். முற்பகல் வெயிலில் தாளின் மேல் ஓரம் மை வைக்கும் முன்பே எழும்பிக்கொள்கிறது. நடுவில் இன்னும் ஈரம். மை எழுத்துக்குழிக்குள் பரவுகிறது. மாற்ற வேண்டியது தாளா, மையா, நேரமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மசிக்குடுவை எழுதியது:

மூன்றையும் மாற்ற வேண்டும். மையிலிருந்து தொடங்குங்கள்.

பாட்டில் மை தண்ணீர் அதிகம். தாளைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்கும், கல்லில் ஏறிய கறை பிறகு போகாது. இந்த வேலைக்கு விளக்குக்கரியும் வேலம்பிசினும்தான். 50 கிராம் பிசினைக் கால் லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்துக் காலையில் துணியில் வடிகட்டுங்கள். தூசும் பட்டைத் துணுக்கும் தங்கினால் மை வைக்கும்போது கீறல் விழும். கரித்தூளைக் கல்வத்தில் போட்டுப் பிசின்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் கரியைக் கொட்டினால் அது மேலே மிதக்குமே தவிரக் கலக்காது. கண்மைப் பதம் வரும்வரை அரையுங்கள். பிசின் குறைந்தால் காய்ந்த படியைத் தொட்டாலே கை கறுக்கும். கூடினால் மினுமினுப்பு ஏறி, சுருட்டும்போது வெடிக்கும்.

ஒற்றுவதற்குப் பழைய பருத்தித் துணியை உள்ளங்கை அளவு பந்தாக இறுக்கி, மேலே மெல்லிய ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தோல் துண்டு கிடைப்பது ஒரு வேலையே இல்லை. அடிப்பக்கம் சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தால் படி முழுக்க அதே கோடு விழும்.

தாள்: வட்டெழுத்துக் கீறல் ஆழம் குறைவு. 60 முதல் 70 ஜிஎஸ்எம் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் அந்தத் தாள் உதவாது, சட்டென்று உறிஞ்ச வேண்டும். எழுத்துப் பரப்பைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள்.

நேரம்: வேலூர் வெயிலில் காலை ஏழு, ஏழரைக்குள் தாள் கல்மேல் இருக்க வேண்டும். கிழக்கு பார்த்த கல் என்றால் மாலை. முற்பகலில் கல்லே சுட்டுக்கிடக்கும். தாளின் அடிப்பக்கம் முதலில் காய்ந்து ஓரம் எழும்புவதற்குக் காரணம் அதுதான். வேறு வழியில்லை என்றால் ஈரக் கோணியைக் கல்மேல் கால் மணி நேரம் போட்டுக் குளிரவைத்து, குடை பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இதற்கு நேர்மாறு, தாள் காயவே காயாது. மாசி, பங்குனிக் காலை நேரம் நல்லது.

தாளை வாளித் தண்ணீரில் ஒரு நிமிடம் முழுக்கி, மேல் இரண்டு முனையைப் பிடித்துக் கல்லின் மேல்விளிம்பிலிருந்து இறக்குங்கள். பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போக வேண்டும். செங்குத்தாகத் தட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தாள் நகர்ந்து ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டை விளிம்பு வரும். காற்றுக் குமிழி நின்றால் அந்த இடம் எழுத்தே இல்லாத மாதிரி கறுப்பாக விழும். தாள் கிழிந்தால் அதே தாளில் விரலகலத் துண்டை நனைத்து மேலே வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலையில் பாதி. தாளில் நீர்ப் பளபளப்பு போய், புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிந்து ஈரம் ஒட்டாமல் இருக்க வேண்டும். நிழலில் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். அதற்கு முன் மை வைத்தால் பரவும். அதற்குப் பின் வைத்தால் பந்தோடு தாளும் வந்துவிடும். மையைப் பலகையில் தட்டி, கழிவுத் தாளில் ஒருமுறை ஒற்றிப் பார்த்து, பிறகு லேசாக மூன்று சுற்று. முதல் சுற்றிலேயே கறுப்பாக்கப் பார்க்காதீர்கள். மேல்பரப்பு கறுத்து, குழிந்த எழுத்து வெள்ளையாக நிற்கும். மை வெளிப்பக்கம் ஏறுவதால் எழுத்து திரும்பாமல் நேராகவே வாசிக்கலாம்.

ஜவ்வாதடி எழுதியது:

மசிக்குடுவை ஐயா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அது நல்ல கல்லுக்கு. ஏரிக்கரை, உங்கள் கல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே.

நகத்தால் ஓரத்தில் லேசாகத் தட்டுங்கள். ‘டொக்’ என்று உள்கூடு போலச் சத்தம் வந்தால் மேல்தோல் பொரிந்து நிற்கிறது என்று அர்த்தம். ஈரத் தாளைப் போட்டுப் பிரஷால் தட்டினால் தோலோடு எழுத்தும் கையில் வரும். அந்தக் கல்லுக்கு மைப்படி கூடவே கூடாது. ஏரிக்கரைக் கற்களில் நீர்மட்டம் ஏறி இறங்கும் அடிப்பகுதி இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, பூசை உண்டா? செங்கம், ஊத்தங்கரைப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய், மஞ்சள், குங்குமம் ஏறிய கல்லில் தாள் ஒட்டாது. எண்ணெயை எடுக்க அமிலம், கம்பி பிரஷ், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். அரிசி மாவைத் தூவி ஊறவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பார்கள், அதுவும் அந்த ஊர்ப் பூசாரியோ பெரியவர்களோ தங்கள் கையால் செய்தால்தான் முறை. அவர்கள் சாமியை நாம் தேய்த்துக் கழுவக் கூடாது. சம்மதிக்கவில்லை என்றால் படமெடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாசி இருந்தால் தண்ணீரும் மூங்கில் சீவலும் போதும். காய்ந்த பாசியைச் சுரண்டினால் கல் துகளும் சேர்ந்து வரும், ஊறவைத்து எடுங்கள்.

பக்கவெளிச்சம் எழுதியது:

பொரிந்த கல், பூசைக்கல் இரண்டுக்கும் பக்கவெளிச்சப் படம்தான் வழி. தேய்ந்த கல்லில் மைப்படியைவிட இது பல சமயம் கூடுதலாகக் காட்டும் என்பது என் கருத்து.

இருட்டிய பிறகு மொபைலை முக்காலியில் பூட்டிவிடுங்கள், இனி அது அசையக் கூடாது. டார்ச்சைக் கல்லின் பரப்புக்கு 10 முதல் 15 பாகை தாழ்வாகப் பிடித்து இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து, கீழிருந்து என்று எடுங்கள். கிடைக்கோடு உள்ள எழுத்துறுப்பு மேல் வெளிச்சத்தில்தான் தெரியும், செங்கோடு பக்க வெளிச்சத்தில். ஒரே படத்தை வைத்து வாசித்தால் பாதி எழுத்து காணாமல் போகும். டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருட்டாகும். கல்லின் அகலத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி நின்று பிடிக்கவும். பகலிலேயே எடுக்க வேண்டும் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் பாய்ச்சலாம். அதற்குக் கல்மேல் நேர்வெயில் விழாமல் போர்வையால் மறைக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தைத் தீட்டிப் படமெடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தீட்டுகிறவர் என்ன வாசித்தாரோ அதுதான் படத்தில் வரும், கல்லில் இருப்பது வராது. அடுத்து வருகிறவர் திருத்த வழியே இல்லை. மைதா மாவு தேய்ப்பதும் அதே வகைதான். குழியில் தங்கிய மாவில் எறும்பும் பூஞ்சையும் ஏறும்.

மசிக்குடுவை எழுதியது:

சுண்ணாம்பு பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தேய்ந்த கல்லுக்கு மைப்படி குறைவு என்பதை ஏற்க மாட்டேன். படத்தில் நிழல் விழுவதற்கு எழுத்தும் ஒன்றுதான், கல்லின் இயல்பான குழியும் ஒன்றுதான். தாள் தட்டும்போது விரலும் கூடவே போகிறது. உளி வெட்டிய குழியின் அடி வழவழப்பாக ஒரே ஆழத்தில் ஓடும், பொரிந்த குழி கரடுமுரடாகப் பாதியில் நிற்கும். இந்த வித்தியாசத்தை அங்கேயே குறித்துக்கொண்டு வர வேண்டும். நல்ல கல் என்றால் படமும் எடுங்கள், படியும் எடுங்கள். முதலில் படம், பிறகு படி.

கோட்டைமதில் எழுதியது:

பிரஷைத் தொடுமுன் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கல் ஏற்கெனவே படியெடுக்கப்பட்டதா என்று பாருங்கள். நூறாண்டுக்கு முன் எடுத்த படியில் இன்று இல்லாத எழுத்து இருக்கலாம்.

இங்கே எல்லாரும் தடுக்கி விழுவது மாவட்டப் பெயரில். பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் ‘வட ஆற்காடு’ என்றால் 1911 வரை சித்தூரும் அதற்குள் அடக்கம். மேல்பாடியைச் சித்தூர் தாலுகாவின் கீழ் தேட வேண்டும். இன்று அது நம் காட்பாடி வட்டம். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகின. ஆகவே 1972-இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் தொகுதியில் ‘வட ஆற்காடு’ என்று இருக்கும் ஊரை வேலூர் மாவட்ட வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஊர்ப்பெயர், பழைய வட்டம், இன்றைய வட்டம் என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடுங்கள். 1890-இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே வேலூர்க் கோட்டைக் கோயிலும் விரிஞ்சிபுரமும் படைவீடும் இருக்கின்றன.

அனுமதி: தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தாளை வைக்கக் கூடாது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர். வெட்டவெளிக் கல் என்றால் நிலத்துக்காரர், ஊர்ப் பெரியவர், கிராம நிர்வாக அலுவலர் மூவரிடமும் சொல்லிவிடுவது நல்லது. ‘புதையல் எடுக்க வந்தார்கள்’ என்ற பேச்சு எழுந்தால் அடுத்த வாரம் கல் பெயர்ந்து கிடக்கும்.

பொன்னையாறு எழுதியது:

ஏரிக்கரை அண்ணா, மைப்படி கிடைத்ததும் தமிழ் என்று முடிவு கட்டிக்கொண்டு வாசிக்க உட்காராதீர்கள். உங்கள் கல் ‘கோவிசைய’ என்பதால் சரி. பொதுவாக இந்த வட்டாரத்துக்கு அந்த உறுதி இல்லை. பாலாற்றுக்கு வடக்கே கொஞ்சம் நகர்ந்தாலே எழுத்தும் மொழியும் மாறும்.

வள்ளிமலையைப் பாருங்கள், மேல்பாடிக்குப் பக்கத்திலேயே. அங்குள்ள சமணக் குகை கங்க மன்னன் இராசமல்லன் அமைத்தது. அவன் தந்தை இரணவிக்கிரமன், பாட்டன் ஸ்ரீபுருஷன் என்று வம்சத்தையே பாறையில் சொல்கிறார்கள். அங்கே கன்னட மொழிக் கல்வெட்டு இருக்கிறது. விளாப்பாக்கம் பக்கத்துத் திருப்பான்மலை என்ற பஞ்சபாண்டவர் மலைக்கு வந்தால் அதுவும் சமணம்தான், ஆனால் மொழி தமிழ். பல்லவ மன்னன் நந்திப்போத்தரசரின் 50-ஆம் ஆண்டில் மருத்துவர் மகன் நாரணன் பொன்னியக்கியார் என்ற இயக்கியின் படிமம் செய்வித்த செய்தி. மகேந்திரவாடிக் குடைவரை வடமொழி, கிரந்த எழுத்து. மூன்று பாறை, மூன்று மொழி.

பழங்கன்னடக் கல்லைத் தமிழர் வாசிக்க உதவும் ஒன்றிரண்டு: ழகரமும் றகரமும் அன்றைய கன்னடத்திலும் தெலுங்கிலும் தனி எழுத்தாகவே இருந்தன. ழகரக் குறி வந்துவிட்டது, ஆகவே தமிழ் என்று எண்ண வேண்டாம். சொல்முதல் பகரம் கன்னடத்தில் பிற்காலத்தில் ஹகரமாக மாறும். கங்கர் காலக் கல்லில் பகரமே நிற்கும். சொல் நமக்குப் பழகியதாகத் தெரியும், வேற்றுமை உருபில்தான் பிரியும். ஆகவே சொல்லைப் பார்க்காமல் சொல்லின் கடைசியைப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதை ஒரே கல்லில் காண வேண்டும் என்றால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில் முன்கோபுரத்தின் உட்பக்கம் போய் நிற்க வேண்டும். விசயநகரத் தேவராயர் காலம், சக ஆண்டு 1347, விசுவாவசு வருடம். படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட நாட்டார்) என்று வரிசையாகத் தங்களைச் சொல்லிக்கொண்டு, இனிப் பொன் வாங்கிப் பெண் கொடுப்பதில்லை, கன்னியாதானமாகவே மணம் செய்வோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். மீறினால் அரச தண்டனை, சாதிக்கும் புறம்பு. நால்வகை மக்களும் சேர்ந்து எழுதிய ஆவணம் தமிழில் இருக்கிறது. சக ஆண்டைச் சரிபார்க்கும் வழியையும் இதிலேயே கற்கலாம். 78 கூட்டினால் 1425. ஆண்டுப்பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும், 2025-இல் பிறந்ததும் விசுவாவசு, இடையே சரியாக 600 ஆண்டு. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எண்ணைத் தவறாக வாசித்திருக்கிறோம், மறுபடி படியைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள். திருவல்லம் கோயிலில் மண்டபத்தைப் பிரித்துக் கட்டியபோது பழைய கல்லில் இருந்ததைப் புதுக் கல்லில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள், அப்படிச் செய்தோம் என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். அரசன் பழையவன், எழுத்துப் பிந்தியது. அன்றைக்கே படியெடுத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

ஏரிக்கரை எழுதியது:

நன்றி. தோல் பொரியவில்லை, தட்டினால் கெட்டிச் சத்தம்தான். பூசையும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊரிலும் பேசியாகிவிட்டது. கரியும் பிசினும் வைத்து எடுத்த படி தெளிவாக வந்திருக்கிறது. கடைசி வரியில் ‘தொறு’ கிடைத்தது. அடுத்து மூன்று எழுத்து, பிறகு ‘பட்டான் கல்’. அந்த மூன்று எழுத்து ‘கொண்டு’வா ‘மீட்டு’வா?

பொன்னையாறு எழுதியது:

அந்த மூன்று எழுத்தில்தான் அவன் யார் என்பதே இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. கொண்டு பட்டான் என்றால் மந்தையைக் கவரப் போய் இறந்தவன், வெட்சியான். மீட்டுப் பட்டான் என்றால் ஊர் மந்தையை மீட்டு இறந்தவன், கரந்தையான். ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26-ஆம் ஆட்சியாண்டு நடுகற்கள் நுளம்பன் (நுளம்ப மரபு அரசன்) படை வந்தபோது மந்தையைக் காத்து விழுந்தவர்களுக்கு நட்டவை. கன்னட நாட்டிலும் இதே மரபு, அங்கே ‘துறுகோள்’ என்பார்கள்.

வட்டெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது. ‘கொண்டு’ என்பது கொ-ண-டு என்றும், ‘மீட்டு’ என்பது மீ-ட-டு என்றும் நிற்கும். இரண்டிலும் மூன்றாவது ஒன்றே, ஆகவே அதை விட்டுவிடுங்கள். முதல் எழுத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பு இருந்தால் கொண்டு. கொம்பும் காலும் தனியிடம் பிடிக்கும், ஆகவே ‘கொண்டு’ அகலம் கூடுதல். கெட்டுப்போகாத வரிகளில் பத்து எழுத்தின் அகலத்தை அளந்து சராசரி எடுத்து, இந்த இடைவெளியோடு ஒப்பிடுங்கள். எழுத்தே தெரியாவிட்டாலும் எது கொள்ளும், எது கொள்ளாது என்று சொல்லிவிடலாம். அரசன் பெயருக்கும் இதே முறைதான். ‘மயீந்திர’வுக்கும் (மகேந்திர) ‘நிருபதொங்க’வுக்கும் (நிருபதுங்க) இடம் ஒன்றாக இராது. பெயருக்குப் பின் ‘பருமற்கு’ (வர்மருக்கு) வரும், அங்கிருந்து பின்னோக்கி அளந்து வாருங்கள்.

சிற்பத்தையும் படியோடு சேர்த்து வாசியுங்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். மகேந்திரவர்மன் 34-ஆம் ஆண்டு. ‘கோவிவன்’ என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கென்று தனி வரி எழுதியிருக்கிறார்கள். அந்த நாயைச் சிற்பத்தில் பார்க்காதவர் அந்த வரியை ஆள்பெயர் என்று எடுத்திருப்பார். மண்டியா மாவட்டம் ஆதகூர்க் கன்னடக் கல்லிலும் காட்டுப்பன்றியோடு போராடி மாண்ட ‘காளி’ என்ற வேட்டைநாய் இருக்கிறது. நம் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் விழுந்த போர்ச் செய்தியும் அதே கல்லில்தான். தக்கோலத்தின் கதையைத் தெரிந்துகொள்ள ஒரு கன்னட நாய்க்கல்லைப் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்க் கல்லை மட்டும் படிப்பேன் என்று இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

ஏரிக்கரை எழுதியது:

கொம்பு இல்லை. முதல் எழுத்தின் தலையில் சுழி தெரிகிறது. இடைவெளி இரண்டரை எழுத்து அகலம்தான். ‘மீட்டு’ என்றே படுகிறது. அரசன் பெயரை அளந்துகொண்டிருக்கிறேன்.

மசிக்குடுவை எழுதியது:

சுழி தெரிந்தால் நல்லதுதான், ஆனால் இரண்டாவது படி ஒன்று எடுத்து இரண்டிலும் அதே சுழி வருகிறதா என்று பாருங்கள். ஒரே படியில் மட்டும் வந்தால் அது தாள் மடிப்பு.

எடுத்த படியை இப்படி வையுங்கள். கல்லிலேயே முழுக்கக் காய்ந்த பிறகு கீழ்முனையிலிருந்து உரியுங்கள். பின்பக்கம் பென்சிலால் ஊர், வட்டம், கல் நிற்கும் இடம், பார்க்கும் திசை, உயர அகலம், வரிக்கணக்கு, தேதி, மேற்பக்கம் காட்டும் அம்புக்குறி எல்லாம் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் மறுபக்கம் ஊறும். ஒரே எழுத்துப் பரப்புக்கு இரண்டு தாள் என்றால் ஓரெழுத்து அகலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பில் ஓரெழுத்து காணாமல் போகும். மடிக்காதீர்கள், மடிப்பில் கரி உதிரும். மூன்று அங்குல அட்டைக்குழாயில் மைப்பக்கம் வெளியே தெரியச் சுருட்டி வைத்து, சுருட்டும் முன் ஒவ்வொரு தாளையும் அளவுகோலோடு நேர்வெளிச்சத்தில் படமெடுத்துவிடுங்கள்.

வாசகத்தை இங்கே போடும்போது உறுதியான எழுத்து, ஊகித்த எழுத்து, அறவே தெரியாத எழுத்து மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஊகித்ததற்குப் பகர அடைப்பு, தெரியாததற்கு எழுத்துக்கு ஒரு புள்ளி. வரி முறியும் இடத்தையும் கல்லில் உள்ளபடியே விடுங்கள். இரண்டாவது படியும் வந்ததும் பக்கவெளிச்சப் படத்தோடு சேர்த்து ஏற்றுங்கள், அரசன் பெயரைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.